கூரைக் கண்ணாடியா, இடது காலா

எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க நடந்த சண்டை ஒரே கேள்வியைச் சுற்றித்தான். காருக்குக் கூரையில் கண்ணாடி வேண்டுமா, இடது காலுக்கு ஓய்வு வேண்டுமா? இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால் எங்கள் கைக்கு எட்டாது. ஷோரூம் பெண் அதை ஒரு காகிதத்தில் அழகாக எழுதியே காட்டிவிட்டாள். ஒரே கார், ஏறக்குறைய ஒரே விலை. ஒரு பக்கம் டாப் மாடல்: சன்ரூஃப், பெரிய திரை, அலாய் வீல், பின்னால் சின்னதாக ஒரு இறக்கை, ஆனால் இடது காலால் கிளட்ச்சை மிதித்து, கியரைக் கையால்தான் போட வேண்டும். இன்னொரு பக்கம் கீழிருந்து இரண்டாவது மாடல். மேலே சொன்ன அலங்காரம் எதுவும் கிடையாது, ஆனால் ஆட்டோமேட்டிக்.

என் கணவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஓசூரில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாகக் கியருக்குப் பல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். ரோட்டில் போகிற பாதி லாரிகள் தன் தயவில்தான் கியர் மாற்றுகின்றன என்று அவருக்கு நினைப்பு. அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒருமுறை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் ஒரு புது மெஷினை வாங்கி இறக்கிவிட்டார்கள். அதன் சுவிட்ச் யார் கைக்கும் வசதியாக எட்டவில்லை. இவர் குதித்த குதியில், அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஓட்டப்போகிற ஆபரேட்டர் முதலில் மெஷின் விற்கிற இடத்துக்கே போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெஷின் வந்து இறங்கிய பிறகு இங்கேயும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் அந்த ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டால்தான் அது கம்பெனி மெஷின். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் யாரும் காபியோடு இந்தக் கதையைக் குடிக்காமல் போனதில்லை.

அவருடைய இன்னொரு பைத்தியம் மசில் கார் என்கிற, எஞ்சின் பெருத்த வேகக் கார். போனைத் திறந்தால் நீள மூக்கோடு ஒரு சிவப்பு அமெரிக்கக் கார் நிற்கும். எங்கள் ஊர்த் தளி ரோட்டில் அது வந்தால் முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த வீடியோதான். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே நானும் எல்லாம் கற்றுக்கொண்டேன். அடி மாடலில் நாலு சிலிண்டர். மேலே போனால் எட்டு. அதற்கும் மேலே போனால் அதே எட்டுதான், ஆனால் சீட்டில் வேறு நிற நூலில் தையல் போட்டு இன்னும் விலை ஏற்றுவார்கள். கையால் போடுவதென்றால் ஆறு கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பத்து.

நான் தளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பேக்கிங் சூப்பர்வைசர். பூ யாருக்காகவும் காத்திருக்காது, ஏழு மணிக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ரோட்டோரம் நின்று, முட்டி மோதிப் பஸ் ஏறத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. லைசென்ஸ் இரண்டாவது தடவையில் கிடைத்தது. முதல் தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். கிளட்ச்சை விட்டேன், வண்டி செத்தது, மறுபடி விட்டேன், பின்னால் உருண்டது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரின் பழைய காரைக் கொடுத்தார்கள். என் கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச், கிளட்ச், கிளட்ச்" என்று நாமம் ஜெபித்தார். அன்றோடு சாவியைத் தொடவில்லை.

பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எழுதும்போது சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த முறை விட்டால் இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும், நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டது.

ஆட்டோமேட்டிக் எல்லாம் வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு என்று அவர் ஆரம்பித்தார். உங்கள் சிவப்புக் கார் ஆட்டோமேட்டிக்கில்தானே அதிக வேகமாகக் கிளம்புகிறது, அந்த வீடியோவில் வரும் வெள்ளைக்காரருக்கு ஓட்டத் தெரியாதா என்று கேட்டேன். மனுஷருக்குச் சப்பாத்தி தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, அது வேறு ஜாதி ஆட்டோமேட்டிக் என்று விளக்கினார். அதில் சக்தி எண்ணெய் வழியாகப் போகிறதாம், வழுக்கிக்கொண்டு போகுமாம். நம் விலைக்குக் கிடைப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மட்டும் ஒரு மோட்டார் அமுக்கும், கியர் மாறும்போது தலை ஆடும். அவர் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை.

"யார் அமுக்குனா என்னங்க, நான் இல்லைல்ல" என்றேன்.

ஓட்டிப் பார்க்கத் தளி ரோட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், அங்கேதான் மேடு இருக்கிறது. முதலில் டாப் மாடலை அவர் ஓட்டினார். சன்ரூஃபைத் திறந்து வைத்து, லாரிப் புகை முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்டு, "காத்து எப்படி வருது பாரு" என்றார். பின்சீட்டில் நான் இருமிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஆட்டோமேட்டிக். அதையும் அவர்தான் முதலில் எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. தம்பியின் பழைய காரை ஓட்டிய பழக்கம், இடது கால் தானாகக் கிளம்பிக் கிளட்ச்சைத் தேடியது. அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக்தான் இருந்தது. அதை ஓங்கி மிதித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது, ஷோரூம் பெண்ணின் கையில் இருந்த பைல் முன்கண்ணாடிக்குப் போனது. பின்னால் தக்காளி ஏற்றி வந்த பிக்கப்காரர் ஒரு முழம் இடைவெளியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முதலில் கன்னடத்தில் திட்டினார், நாங்கள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத் தெலுங்கில் திட்டினார், கடைசியில் தமிழில் முடித்தார். மாடு அதற்குள் போய்விட்டிருந்தது. லாரிகளுக்குக் கியர் செய்து கொடுக்கிற மனிதர் கிளட்ச் இல்லாத காரிடம் தோற்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அடக்கவும் முயலவில்லை.

பிறகு நான் உட்கார்ந்தேன். எனக்கு மறப்பதற்கு இடது கால் பழக்கமே இல்லை, அதுவே பெரிய வசதியாகிவிட்டது. மேட்டில் பாதி ஏறியதும் முன்னால் ஒரு பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் நகர்ந்தது, பிரேக்கை விட்டேன், வண்டி ஒரு நொடி அப்படியே பிடித்து நின்றது, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் முன்னால் போனது. தலை ஆடியது உண்மைதான். ஆடினால் ஆடட்டும் என்று மேலே போய்க்கொண்டே இருந்தேன். ஷோரூம் பெண் கையைத் தட்டினாள். என் கணவர் பின்சீட்டில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர் ஒரு தாளை மேஜையில் விரித்தார். கம்பெனியில் மெஷின் வாங்கும்போது போடுகிற மார்க் ஷீட் மாதிரியே கட்டம் போட்டிருந்தார். திரைக்கு மார்க், சக்கரத்துக்கு மார்க், ஏர்பேக்குக்கு, மைலேஜுக்கு, மறுவிற்பனைக்கு, இறக்கைக்குக்கூட மார்க். கூட்டிப் பார்த்தால் டாப் மாடல் ஜெயித்திருந்தது. கணக்கு பேசுகிறது, தான் பேசவில்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் ஓசூர் பேச்சு போய்விடும், பிறந்த திருநெல்வேலி வந்துவிடும். தாளை மேலிருந்து கீழே வரை படித்தேன், திருப்பியும் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீக. வாரத்துல ஆறு நாளு நீங்க கம்பெனி பஸ்ல போறீக. இந்த வண்டிய ஓட்டப்போறது நான். இதுல ஆபரேட்டர் கையெழுத்து எங்க இருக்கு?"

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவரே ஷோரூமுக்குப் போன் செய்து ஆட்டோமேட்டிக் என்று சொன்னார். கலர் மட்டும் தன் இஷ்டம் என்றார். சிவப்பு.

வண்டி வந்த பிறகு முதல் திங்கட்கிழமை, கம்பெனி பஸ் வரும் முக்கு வரைக்கும் கூட வருகிறேன் என்று பக்கத்தில் ஏறினார். வழி முழுக்க அவருடைய இடது கால் கால்மிதியை அமுக்கிக்கொண்டே வந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தார். சொல்வதற்குக் கிளட்ச் இல்லாததால் மூடிக்கொண்டார். முக்கில் பஸ் நின்றிருந்தது, ஜன்னல்களில் அவருடைய ஆட்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். இறங்கும் முன் சட்டைப் பையில் இருந்து அந்த மடித்த தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"போய்ச் சேந்துட்டு பிரிச்சுப் பாரு. பாத்துப் போ."

பக்கத்து சீட் காலியானது. கதவு சாத்திய சத்தம் கேட்டு எனக்கு ஒரு கணம் அவரைத் திரும்பக் கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. கூப்பிடவில்லை. அந்த மேட்டில் அன்றைக்கும் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. நின்றேன், கிளம்பினேன். யாரும் எதையும் ஜெபிக்கவில்லை. மேடு தாண்டியதும் நான் சத்தமாகப் பாடினேன். என் குரலைப் பற்றி வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, தாளைப் பிரித்தேன். அதே கட்டங்கள், அதே மார்க்குகள், ஒன்றையும் அவர் அடிக்கவில்லை. அடியில் மட்டும் புதிதாக, ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டுக்குக் கீழே அவருடைய முத்து முத்தான எழுத்தில், 'ஆபரேட்டர் கையெழுத்து. தனியாக ஓட்டிப் பார்த்த பிறகு.'

பையில் பேனாவைத் தேடினேன். ரோஜாப் பெட்டியில் நம்பர் எழுதுகிற தடித்த மார்க்கர்தான் கிடைத்தது. ஸ்டீயரிங் மேல் தாளை வைத்து, கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் வழிகிற அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.