ஆளுக்கு ஒரு வாளி, ஏழு நாள்

லண்டனில் எங்கள் சமையலறைச் சுவரில் மாதத்துக்கு ஒரு தாள் ஏறும். ஏழு நாள் கார் கூடாது. ஏழு நாள் ஹீட்டர் கூடாது. ஏழு நாள் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. எளிமையாக வாழப் பழகுகிறோமாம்! என் மகள் ஆர்த்தி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பைத்தியம் இது. என் கணவரும் கூடச் சேர்ந்துகொண்டார். இலங்கையில், டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் நாங்கள் இதைத்தானே செய்தோம், அதற்கு யாரும் சேலஞ்ச் என்று பெயர் வைக்கவில்லையே என்று எரிச்சலாகச் சொன்னேன். "அப்ப அங்கயே போய்ச் செய்வோம்மா" என்றாள்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆகஸ்ட் லீவுக்கு அக்காவின் லயத்து வீட்டில், தோட்டக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், வந்து இறங்கினோம். நான் பிறந்த அதே ஒற்றை அறை. அக்கா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்க இன்னும் மலை ஊற்று வந்து விழும் ஒரே பீலிதான். அந்த வரிசையில் குடத்தோடு நின்று, பள்ளிக்குப் பிந்திப் போய், உள்ளங்கையில் அடி வாங்கியவள் நான். ஆர்த்தியோ அதே இடத்தில் வாளியோடு படம் எடுத்துக்கொண்டாள். "ஆளுக்கு ஒரு வாளி, ஏழு நாள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, கதவில் ஒட்டினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பிப்போகும் டிக்கெட்டின் தேதியை மறுநாளே எடுத்துப் பார்த்தேன். பார்த்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள், அக்கா வேலைக்குப் போனபிறகு, ஒரு அதிகாரி கையில் ஃபைலோடு வந்தார். வீட்டுக்கு வீடு குழாய் போடப் பெயர் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. "வத்துர அமாருத?" என்று சிங்களத்தில் கேட்டார். தண்ணீர் கஷ்டமா என்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பாவம் பார்த்து விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்த மனிதர் அப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஒன்னும் கஷ்டமில்லைங்க என்போம். துருப்பிடித்த என் சிங்களத்தில் அதையே சொன்னேன்: "அமாரு நே மாத்தயா." ஆர்த்தி வேறு, ஒரு வாளியே போதும் என்று கதவுத் தாளைக் காட்டினாள். அவர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்துகொண்டு அக்கா வந்தாள். தலையிலிருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

"இந்தக் குழாய்க்கு நாலு வருஷமா அலையுறேன்டி. கஷ்டமில்லன்னா சொன்ன?"

"மரியாதைக்குச் சொன்னேன்க்கா..."

"ஏழு நாள் முடிஞ்சா நீங்க பிளேன் ஏறிருவீங்க. எனக்கு எத்தனாவது நாள் முடியும்? சொல்லு!"

ஆர்த்தி ஓடிப்போய்த் தாளைக் கிழித்தாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் அக்காவும் நானும் ஹட்டனிலிருக்கும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். பட்டியல் அன்றைக்கே கண்டிக்கு அனுப்பப்படுகிறது என்றார்கள். மேசையிலிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் அந்த வீட்டு ஆளோ, விருந்தாளியோ?"

"பொறந்தது அங்கதாங்க."

"பிறந்ததைக் கேக்கேல்லை. வீட்டு ஆளெண்டால் நீங்கள் சொன்னது சொன்னதுதான். விருந்தாளியெண்டால் எழுதித் தாங்கோ, அந்தப் பதிலை வெட்டிவிடலாம்."

வெள்ளைத் தாளைத் தள்ளினார். நான் அந்த வீட்டைச் சேர்ந்தவள் அல்ல என்று எழுதினேன். லண்டனில் எத்தனையோ விண்ணப்பங்களில் பிறந்த இடம் டிக்கோயா என்று பெருமையோடு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அக்கா பதறிப்போனாள். "என்னடி யோசிக்கிற? போடு சீக்கிரம்!"

போட்டேன். அக்கா அந்தத் தாளை என்னிடமிருந்து பறித்து, மை கலையாமலிருக்க ஊதி ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.