ஒரு வண்டிக்கு ஒரு போதகர், ஒரு பன்றித் தலை

மா தேசொப் தன் முப்பத்தொன்பது வயதுக்குள் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. நல்ல குணம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். நல்ல குணமாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

வொன்ஜு நகரில் ஆயிரத்து நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாக அலுவலகத்தில் அவனுக்கு வேலை. மேல் வீட்டுப் பையன் குதிக்கிறான் என்று கீழ் வீட்டுக்காரர் வந்தால், "கண்டிப்பா சொல்லிடறேங்க" என்பான். கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டுகிறார் என்று மேல் வீட்டுக்காரி வந்தால் அவளிடமும் அதையே சொல்வான். அப்புறம் வீட்டுக்கு வீடு கூரையில் பதித்திருக்கும் ஒலிபெருக்கியில், "சிலர் குதிப்பதாகவும் சிலர் தட்டுவதாகவும் தெரியவருகிறது, நன்றி, வணக்கம்" என்று அறிவிப்பான். மறுநாள் இரண்டு பேரும் வந்து முந்தின நாளைவிடக் கூடுதலாகக் கத்திவிட்டுப் போவார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, பிப்ரவரி மாதத்தில் ஒருநாள், அவன் மனைவி ஹேவொன் குளியலறையிலிருந்து சோதனைக் குச்சியோடு வெளியே வந்தாள். இரண்டு கோடு. கட்டிக்கொண்டு அழுதார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்போதே 'பூசணி' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். அழுது முடித்ததும் தேசொப் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே கார் கடைக்கு ஓடினான். அவனிடம் இருந்தது கடுகு மாதிரி ஒரு சின்ன வண்டி. தள்ளுவண்டியை வைத்தால் பிள்ளையை வைக்க இடமிருக்காது, பிள்ளையை வைத்தால் பெண்டாட்டியை இறக்கிவிட வேண்டியிருக்கும்.

பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவோடு இருந்த பெரிய குடும்ப வண்டியைக் காட்டினான்.

"பத்து மாசம் காத்திருக்கணும் சார்" என்றார் விற்பனையாளர்.

"புள்ள அதுக்கு முன்னாடியே வந்துருமேங்க."

"நீங்க கொஞ்சம் முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும் சார்."

"எத? வண்டியையா, புள்ளையையா?"

"ரெண்டும் ஒரே நாள் பண்றவங்க உண்டு சார்" என்று அந்த மனிதர் சிரிக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து வண்டிக்கும் பூசணிக்கும் ஓட்டப்பந்தயம். பூசணி வாரா வாரம் வளர்ந்தது. வண்டி தொழிற்சாலையில் பிறக்கவே இல்லை. செப்டம்பரில் பூசணி இரண்டு கிலோ முன்னிலையில் இருந்தபோது விற்பனையாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், ஒரு வண்டி காலியா வந்திருக்கு. பதிவு பண்ணினவரு வேணாம்னுட்டாரு. பழுப்பு நிறம்."

"ஏன் வேணாம்னாரு?"

"பழுப்பா இருக்குன்னுதான் சார். பத்து நிமிஷத்துல சொல்லிடுங்க, சாயங்காலத்துக்குள்ள முன்பணம் கட்டணும்."

விலை நாலு கோடியே இருபது லட்சம் வொன். முன்பணம் ஒரு கோடி. மீதி அறுபது மாதத் தவணை, அதாவது பூசணி வாக்கியம் வாக்கியமாக எதிர்த்துப் பேசும் வயதுவரை. தவணையை ஹேவொனின் சம்பளத்தில் கட்டுவதாகக் கணக்கு. அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வேலைக்குத் திரும்பப் போக வேண்டுமென்றால் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ஏற்பாடு இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் தேசொப்பின் அம்மா. வியாழன், வெள்ளி ஹேவொனின் அப்பா. இந்த இரண்டு பேரில் ஒருத்தர் முறுக்கிக்கொண்டால் வேலை போச்சு, வேலை போனால் தவணை போச்சு, தவணை போனால் வண்டி போச்சு.

முன்பணத்துக்குக் கையில் ஒன்றுமில்லை. தேசொப் அம்மாவுக்குப் போன் போட்டான். ஐம்பது லட்சம் கேட்டான்.

"தர்றேன்டா" என்றாள் அம்மா. தேவாலயத்தில் பாடகர் குழுவையும் சமையலறையையும் ஒரே குரலில் ஆள்கிறவள். "ஆனா வண்டி வந்ததும் எங்க போதகர்தான் ஜெபம் பண்ணணும். உன் மாமனாரு புது வண்டிக்குப் படையல்னு அந்தப் பன்னித் தலையத் தூக்கிட்டு வந்தாரோ, பணத்த வட்டியோட எடுத்து வையி."

"சரிம்மா."

அடுத்து மாமனாருக்குப் போட்டான். கூ போங்சிக் முப்பத்திரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர்.

"ஐம்பதா? எடுத்துக்க மாப்ளே. ஆனா படையல் போடாத வண்டில எம் பொண்ணு கால வைக்கமாட்டா. முப்பத்திரண்டு வருஷம் ஒரு கீறல் உண்டா என் வண்டில? எல்லாம் பன்னி போட்ட பிச்சை. உங்கம்மா பாட்டுப் புஸ்தகத்தோட அந்தப் பக்கம் வந்தாங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"சரிங்க மாமா."

பத்து நிமிஷத்தில் வண்டி அவனுடையது. ஹேவொனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை, வயிற்றைத் தடவிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"நம்ம கல்யாணத்துல பூங்கொத்து எங்க வைக்கறதுங்கற சண்டையில உங்கம்மாவும் எங்கப்பாவும் மூணு வருஷம் பேசிக்கல. இப்பதான் ஏதோ மூஞ்சியப் பாத்துக்கறாங்க. எனக்கு ரெண்டு பேரும் வேணுங்க. இதுல ஒண்ணு கெட்டுச்சுன்னா நீங்க அந்த வண்டியிலயே குடியிருந்துக்குங்க."

தேசொப் மூளையைக் கசக்கித் திட்டம் போட்டான். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வண்டி வரும். பத்துக்கு ஜெபம். பதினொன்றுக்கு அம்மாவை வழியனுப்பிவிடலாம். மூன்றுக்கு மாமனார் வருவார், பஞ்சாங்கத்தில் அந்த நேரம்தான் சுத்தமாம். நடுவில் நாலு மணி நேரம். போருக்கே போதும்.

சனிக்கிழமை வந்தது, வண்டி வரவில்லை. இலையுதிர்காலத்துச் சிவந்த இலை பார்க்க மலைக்குப் போகிற கூட்டத்தில் ஏற்றிவரும் லாரி சிக்கிக்கொண்டது. போதகரும் அம்மாவும் பாடகர் குழுவில் நாலு பெண்களும் பத்திலிருந்து அவன் வீட்டில் உட்கார்ந்து பொட்டலக் காப்பியைக் கலக்கிக் கலக்கிக் குடித்தார்கள். பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு, ஒன்றரைக்கு "இதோ வந்துரும்மா" என்றான் தேசொப். மாமனாருக்குப் போன் செய்து "நாளைக்கு வெச்சுக்கலாமா மாமா" என்று இழுத்தான். "நாளைக்கா? நாளைக்குப் பன்னி சிரிக்காது மாப்ளே" என்றார் அவர். சரி என்றான். வேறென்ன சொல்வான்?

இரண்டரைக்கு நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்தில் வண்டி வந்து நின்றது. கதவோரங்களில் கீறல் படாமலிருக்க ஒட்டிய நீலப் பஞ்சு, இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை, ஈரக் களிமண் மாதிரி ஒரு பழுப்பு. எல்லாரும் இறங்கி வந்தார்கள். போதகர் முன்பக்கத் தகட்டில் கையை வைத்துக் கண்ணை மூடியதும், எதிர்ப்பக்கத்து மின்தூக்கிக் கதவு திறந்து மாமனார் வந்தார். சூடு ஆறிவிடும் என்று அரைமணி முன்னாலேயே கிளம்பிவிட்டாராம். கையில் சிவப்பு ரப்பர் தொட்டி, தொட்டியில் வேகவைத்த பன்றித் தலை. சிரிக்கிற தலைக்குத்தான் சந்தையில் விலை அதிகம். இது காதுவரை சிரித்தது. தோளில் தொங்கிய பையில் அரிசிக் கள்ளு, அரிசி கேக், வெள்ளை நூல் சுற்றிய ஒரு முழுக் கருவாடு.

"என்ன சம்பந்தி இது?" என்றாள் அம்மா.

"இதக் கேக்க வேண்டியது நான் சம்பந்தி" என்றார் மாமனார், தொட்டியை இறக்காமல்.

போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தேசொப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரிடமும் சரி சொன்ன கதையெல்லாம் வெளியே வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு அவனை விட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள்.

"செத்துப்போன பன்னியோட வாய்ல பண நோட்டத் திணிச்சுக் கும்பிட்டா பிரேக் புடிக்குமா சம்பந்தி?"

"போன வருஷம் உங்க தேவாலய வேன் முட்டைக் கடைக்குள்ள பூந்துச்சே, அது ஜெபம் பண்ணாத வேனா?"

போதகர் இருமினார். ஓட்டியது அவர்தான்.

"நீங்க முப்பது வருஷம் இடிக்கலன்னா அதுக்குப் பன்னி காரணமில்ல. உங்க டாக்ஸிய நடந்து போறவங்க முந்திட்டுப் போவாங்க!"

"பொறுமையா ஓட்டறது குத்தமா? ஒங்க பாட்டக் கேட்டா என் கருவாடே எழுந்து ஓடிப்போயிரும்!"

பாடகர் குழு நாலும் மூச்சை இழுத்துப் பிடித்தது. தேசொப் நடுவில் நின்று கையைப் பிசைந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த தூணில், நிறுத்துமிடத்தில் மது ஊற்றுதல், தீ மூட்டுதல், விலங்கின் தலை வைத்தல் கூடாது என்று அவனே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்பு வேறு.

இந்தக் கூச்சலில் ஹேவொனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாமனார் தொட்டியை ஒருவழியாகத் தரையில் வைத்துவிட்டுக் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மெல்ல ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். பன்றியின் இடது காதை மெல்லிசாகச் சீவி, பையிலேயே இருந்த உப்பு இறால் ஊறுகாயில் தொட்டு வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. மதியம் எதுவும் சாப்பிடாத போதகர் பக்கம் ஒரு துண்டை நீட்டினாள். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

"அய்யய்யோ!" மாமனார் தலையில் கை வைத்தார். "படைக்கறதுக்கு முன்னாடியே தின்னுட்டியேம்மா!"

"நான் திங்கலப்பா. பூசணி திங்குது."

"பாத்தீங்களா? அது சாமி இல்ல, சாப்பாடுன்னு என் பேரப்புள்ளைக்கே தெரியுது!" என்றாள் அம்மா.

அம்மா அதைச் சொல்லிச் சிரித்திருக்கக் கூடாது. மாமனாரின் முகம் செத்துவிட்டது. குரலும் தாழ்ந்துவிட்டது.

"ஒத்தக் காதோட பன்னிய வெச்சு என்ன படையல் போடறது? சரி சம்பந்தி. வண்டியும் உங்களுது, புள்ளையும் உங்களுது. வியாழன், வெள்ளியும் நீங்களே பாத்துக்குங்க."

"எனக்கென்ன தலையெழுத்தா? திங்கக்கிழமையும் நான் வரல. யாரு வேணா பாக்கட்டும்!"

ஹேவொன் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றதைத் தேசொப் பார்த்தான். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பித் தொண்டை வழியாக வந்தது. அது என்னவென்று அவனுக்கே தெரியாது, அதற்குமுன் வந்ததில்லையே.

"முடியாது!"

நிலத்தடி முழுக்க எதிரொலித்தது. எங்கோ ஒரு வண்டியின் திருட்டு எச்சரிக்கை மணிகூட அலறி ஓய்ந்தது.

"ஜெபமும் வேணாம், பன்னியும் வேணாம்! ரெண்டு பேர் பணத்தையும் திங்கக்கிழமையே திருப்பித் தர்றேன். வண்டிய வித்துடறேன். புள்ளைய நானே பாத்துக்கறேன். யாரும் வர வேணாம்!"

எல்லாம் முடிந்தது, எட்டு வருஷத்துத் தவத்தை ஒரே மூச்சில் உடைத்துவிட்டோம் என்று தேசொப் நினைத்தான்.

"எவன் பணத்த எவன்டா திருப்பித் தர்றது?" என்றாள் அம்மா.

"அதானே!" என்றார் மாமனார். "கேளுங்க சம்பந்தி. திங்கக்கிழமை தருவாராம். எங்கருந்து? ஒலிபெருக்கிய அடகு வெச்சா?"

"பெத்தவ கிட்டயே குரல ஒசத்தறான் பாருங்க."

"புள்ளைய இவரு பாத்துக்குவாராம்! சுகாதார நிலையத்துல புள்ள வளக்கற வகுப்புக்கு நானும் இவரும் போனோம், பொம்மைக்கு டயப்பர் போடச் சொன்னாங்க. நான் போட்டேன், முதல் பரிசா துண்டு வேற குடுத்தாங்க. ஒங்க மவன் எங்க மாட்டினாரு தெரியுமா? தலைல!"

"தலைலயா?"

"தலைல சம்பந்தி. குல்லா மாதிரி. நான் இந்தக் கண்ணால பாத்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அவன் சின்னதுலேயே அப்படித்தான். ஏழு வயசுவரைக்கும் செருப்ப மாத்தி மாட்டிட்டுப் போவான். ஏன்டான்னு கேட்டா, ரெண்டு காலுக்கும் சமமா இருக்கட்டும்னு சொல்லுவான்!"

"பாத்தீங்களா? இவர நம்பிப் புள்ளைய விட்டுட்டு நாம வீட்டுல தூங்க முடியுமா?"

"அதெப்படி முடியும்? நீங்க வியாழக்கிழமை காலைல ஏழுக்கெல்லாம் வந்துருங்க சம்பந்தி. புதன் ராத்திரியே நான் எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுப் போறேன்."

இந்த இடைவெளியில் போதகர், மூன்றரைக்கு ஒரு கல்யாணம் நடத்த வேண்டியிருந்ததால், வாயைத் துடைத்துக்கொண்டு அரை நிமிஷத்தில் ஜெபத்தை முடித்தார். மாமனார் பேச்சை நிறுத்தாமலேயே நாலு சக்கரத்துக்கும் கள்ளை ஊற்றினார். அம்மா வேண்டுமென்றே சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள், மகனின் குறைகளை அங்கிருந்தபடியே சொன்னாள்.

அப்புறம் முதல் ஓட்டம். பின்னால் பிள்ளைக்கு வாங்கிய இருக்கை காலியாக இருந்தது. அதன் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமனார், இரண்டு பேருக்கும் அடியில் பிளாஸ்டிக் உறை சலசலத்தது. தேசொப்பின் கல்லூரித் தோல்விகள், அவன் வெங்காயம் வெட்டும் லட்சணம், அவன் காதல் கடிதத்தில் ஹேவொன் பெயரைத் தப்பாக எழுதியது என்று ஒன்று விடாமல் எடுத்து வைத்தார்கள். ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் தொடங்கினார். இவ்வளவு இசைவாக அந்த இரண்டு பேரும் பேசி அவன் கேட்டதே இல்லை.

கண்ணாடியில் அவர்களைப் பார்த்தபோது தேசொப்புக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குடியிருப்பைச் சுற்றி வந்து நுழைவாயிலில் வேகத்தைக் குறைத்தான். ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினான்.

முன்னிருக்கையிலிருந்து ஹேவொன் அவன் முழங்காலை அழுத்தினாள்.

"வாயத் தொறக்காதீங்க" என்றாள் மெதுவாக. "இன்னொரு சுத்து போங்க."