அண்ணனின் காலைக் கேள்வி

காலையில் புத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்வார். லால்குடி அக்காவையும் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என்னையும் ஒரே லைனில் சேர்த்துக்கொண்டு, "போனீங்களா? ரத்தம் தெரிஞ்சுதா?" என்பார்.

காரணம் உண்டு. முன்பு ஒருநாள் மலத்தில் ரத்தத்தைப் பார்த்துப் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெருங்குடலின் இடது பக்கம் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள், பிழைத்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். எங்கள் பூனையோ அடுத்த வீட்டுப் பூனைகளையும் எச்சரிக்கக் கிளம்பிவிட்டது.

"ஒண்ணுமில்லண்ணே. ஒனக்கு வேற பேச்சே கெடையாதா?" என்பாள் அக்கா.

அந்த அக்காதான் தை அறுப்பு முடிந்து வந்தபோது, அண்ணன் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. உதடு வெளுத்திருந்தது.

"ரத்தம்?" என்றார் அண்ணன்.

"இல்லவே இல்ல."

"அப்ப பயமில்ல. முருங்கைக்கீரை தின்னு."

கீரையால் ஒன்றும் ஆகவில்லை. தில்லை நகர் டாக்டரம்மா பரிசோதனையில் ரத்தம் குறைந்திருப்பதைப் பார்த்ததும், "இவ்வளவு ரத்தம் எங்க போகுது?" என்று கேட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வைத்தார். வலது பக்கத்தில் கட்டி. புற்றுநோய்.

அண்ணன் சண்டைக்கே போய்விட்டார். "தினம் கேட்டேங்க டாக்டர்! ஒரு சொட்டு ரத்தம் இல்லீங்க!"

"உங்களுக்கு இடது பக்கம். அங்க குடல் குறுகல், மலமும் கெட்டி. அடைக்கும், ரத்தம் கண்ணுல படும். இவங்களுக்கு வலது பக்கம். அகலமான இடம், உள்ள எல்லாம் கூழ் மாதிரி. கட்டி வளந்தாலும் சீக்கிரம் அடைக்காது. ரத்தம் கசிஞ்சு அதோடயே கலந்துடும். பல பேருக்கு வெளிய தெரியறது சோர்வும் ரத்தசோகையும்தான்."

தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரித்தவன் நான்; கூடப்பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று யோசிக்கவே இல்லை.

"பரவிடுச்சாங்க?" என்றாள் அக்கா.

"ஸ்கேன்ல வேற எங்கயும் எதுவும் தெரியல. ஆபரேஷன் பண்ணிடலாம்."

அந்தத் 'தெரியல'வை நம்பலாமா என்று நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா ஆபரேஷன் முடிந்து லால்குடி திரும்பிவிட்டாள். போன் நிற்கவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது.

"மூச்சு வாங்குதா?"

"இல்லண்ணே."

"இல்லங்கறதெல்லாம் வேணாம். மாடி ஏறு, நான் கேக்குறேன்."

அக்கா திட்டிக்கொண்டே ஏறுகிறாள். அண்ணனும் நானும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.