பின்கதவை நான் அடைத்த நாள்

கதவை அடைத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அக்கா தன் பாணியில் சொல்லிவிடுவாள். என் கையில் வரைபடம் இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் கதவு இல்லை. நான் கொத்தனார். கோடு போட்ட இடத்தில் சுவர் கட்டுவது என் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதும் என் வேலைதானா என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று என்னுடையது. மற்றது மீதி எல்லோருடையது.

அந்தப் பக்கம் இருந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். வேலை நடக்கும் இடங்களில் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். கான்கிரீட் தளத்தை மழமழவென்று ஆக்கும் சின்ன மிஷின் ஒன்றை ஓட்டுகிறார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: மின்விசிறியைக் கழற்றித் தரையில் கவிழ்த்து, அதன் முதுகில் பெட்ரோல் இன்ஜினும், இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடியும் வைத்தால் அதுதான். நாலு இரும்புத் தகடுகள் சுற்றிச்சுற்றித் தளத்தைத் தேய்க்கும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் ஒரு பக்கம் போகும், அமுக்கினால் மறுபக்கம் போகும். பலத்தைக் காட்டினால் ஓட்டுகிறவனையே தூக்கிச் சுற்றும். நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் நடப்பார். முன்னால் நடந்தால் அவர் காலடித் தடம் ஈரத் தளத்தில் நின்றுவிடும். பின்னால் நடந்தால், பதிந்த தடத்தைப் பின்னாலேயே வரும் மிஷின் அழித்துவிடும். இப்படி அழித்து அழித்து வாசல் வரை வந்து, கடைசித் தடத்தையும் அழித்துவிட்டு வெளியே கால் வைப்பார். இருபத்தெட்டு வருடமாக இதே கதை. அவர் முடித்த தளத்தில் மனிதன் வந்துபோன அடையாளமே இருக்காது. அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

இந்தப் பின்நடையால்தான் எங்கள் வீட்டுக்கே மாப்பிள்ளையானார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோது, என் அப்பாவைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, படி இறங்கி, தெருவரைக்கும் போனார். அப்பா உருகிப்போய்விட்டார். "பெரியவங்களுக்கு முதுகு காட்டக்கூடாதுன்னு நெனைக்கிற பையன்டா! இந்தக் காலத்துல யாரு இருக்கா?" என்று அன்றைக்கே சம்மதம் சொன்னார். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் மளிகைக் கடையிலிருந்தும், பஸ்ஸிலிருந்தும், கழிவறையிலிருந்தும் அப்படித்தான் வெளியே வருவார் என்று.

பழக்கம் எப்படியோ போகட்டும். ஆள் எந்த நல்லது கெட்டதுக்கும் வந்து சேர்ந்ததில்லை. அதுதான் குறை. கான்கிரீட்டைக் கொட்டிய பிறகு அது இறுகும் நேரம் அதன் இஷ்டம். முந்தினால் மிஷின் முழுகும், பிந்தினால் தகடு ஏறாது. ஆகவே மகள் பிறந்த அன்று இவர் ஒரு கார் கொட்டகையின் தளத்தில் இருந்தார். அவள் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று ஒரு ஐஸ் ஃபேக்டரியில். அந்த மரியாதைக்காகவே பெண் கொடுத்த என் அப்பா செத்தபோது, எல்லாம் முடிந்து நாங்கள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். கேட்டால் ஒரே பதில்தான்: "கான்கிரீட் காத்திருக்காது." வீட்டு ஆல்பத்தில் அவர் இரண்டே போட்டோவில் இருக்கிறார். அதில் ஒன்றில் முழங்கை மட்டும்.

மகளை நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். இருபத்தைந்து வயதுப் பாப்பா. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து. மாப்பிள்ளை கப்பலில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் இறங்குவார். படிவத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும். பாப்பா பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் அப்பா பெயரையும் இரண்டாவதில் என் பெயரையும் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, வருவீங்கல்ல?"

"வராம எங்க போவேன்?"

"கான்கிரீட்?"

"அது காத்திருக்கட்டும்மா."

அத்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு அக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆனால் கான்கிரீட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? இன்ஜினியர் வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே கொட்டிவிட்டார். எண்பது அடி நீளக் கிடங்கு. "மத்தியானம் ஒன்றரைக்கு முடிச்சிருவேன், குளிச்சிட்டு நேரா அங்க வந்துருவேன்" என்று அத்தான் சத்தியம் செய்துவிட்டு வந்தார். புதுச் சட்டையைக்கூடக் கையோடு கொண்டுவந்து பின்கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்திருந்தார். முன்வாசலில் ஆரம்பித்துப் பின்கதவில் முடிப்பதாகத் திட்டம்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் புது வரைபடத்தோடு வந்தார். பின்கதவு வேண்டாமாம், அடைத்துவிட வேண்டுமாம். என்னிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் போனை எடுக்கவே இல்லை.

நான் சிமெண்ட் கல்லை அடுக்க ஆரம்பித்தேன். அத்தான் வந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது. காதில் பஞ்சு, முன்னால் இன்ஜின் இரைச்சல். இரண்டு தடவை கூப்பிட்டேன். சரி, ஒரு தடவை. பக்கத்தில் வந்தால் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். முதுகுக்குக் கண் கிடையாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. கலவை தெறிக்கக்கூடாதே என்று அவருடைய புதுச் சட்டையை மட்டும் பத்திரமாக எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். சட்டையைப் பற்றி யோசித்தவன் சட்டைக்காரனைப் பற்றி யோசிக்கவில்லை என்று அக்கா சொல்லிக்காட்டுவது இதைத்தான்.

ஒன்று நாற்பதுக்கு என் சுவர் லேசாக அதிர்ந்தது. மிஷின் நின்றது. முக உயரத்தில் ஒயர் குழாய்க்காக ஒரு ஓட்டை விட்டிருந்தேன். அதில் ஒரு கண் தெரிந்தது.

"மச்சான், கதவு எங்கடா?"

"வரைபடத்துல இல்ல அத்தான்."

"காலைல இருந்துச்சே!"

"காலைல இருந்த வரைபடம் வேற."

நிலைமை இதுதான். அவர் மூலையில், ஒரு பாய் அளவு இடத்தில், மிஷினோடு நிற்கிறார். அவருக்கு முன்னால் எண்பது அடிக்குக் கண்ணாடி மாதிரி தளம். அதற்கு அப்பால் முன்வாசல். வேறு வழி கிடையாது.

"மிஷினை ஓட்டிக்கிட்டே அந்தப் பக்கம் போயிருங்க" என்றேன்.

"கடைசி ஓட்டு முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல தகடு பட்டா கருகிக் கறுத்துரும்."

"அப்ப நடந்து போங்க."

"தடம் விழும்."

"இந்நேரம் இறுகியிருக்குமே! யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றது ஓட்டை. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேலன்னா விழாது. நீ சுவத்த இடி."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பத்தொன்பது வருடமாகச் சுவர் கட்டுகிறேன். நான் கட்டிய சுவரை நானே இடித்ததில்லை. அதுவும் அன்றைக்கு வைத்த சுவர் ரசமட்டத்தில் ஒரு மயிரிழை பிசகாத சுவர். "இன்ஜினியர் சொல்லாம இடிக்க முடியாது" என்றேன். இன்ஜினியர் சொன்னாலும் யோசித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

"உன் சுவரு பெருசா, என் பொண்ணு கல்யாணம் பெருசா?"

"அதையே உங்க தளத்தக் கேளுங்க!"

அதன் பிறகு ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் ஒன்றரை மணி நேரம் மூச்சுக்கு மூச்சு மணி பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு பேருமே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள், ஒரு புதுச் சுவருக்கு இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றோம். வழியில் போன மண்வெட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "சுவரோட பேசுற அளவுக்கு என்னப்பா கஷ்டம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நடுவில் ஒருமுறை அத்தான், "படிவத்த இந்த ஓட்டை வழியா நீட்டினா கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார். அதிகாரி முன்னால் போட வேண்டும் என்றேன். "அவரையும் இங்க கூட்டிட்டு வா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்று பத்துக்கு முன்வாசலில் டாக்சி வந்து நிற்கும் சத்தம். என்ன சொல்வது என்று பயந்து போனை எடுக்காத எங்கள் இருவரையும் அள்ளிக்கொண்டு போக அக்காவும் பாப்பாவும் வந்துவிட்டார்கள். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எண்பது அடி தள்ளி, வாசல் வெளிச்சத்தில், புதுப் புடவையில் அக்கா. அவள் பார்வையில் அத்தான் எப்படித் தெரிந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வாத்தியார் மூலையில் நிறுத்திவைத்த பிள்ளை மாதிரிதான் தெரிந்திருப்பார்.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?"

"கதவு இல்லம்மா!"

"இந்தக் கதவு இருக்குல்ல, இப்படி வாங்க!"

"தளம் ஈரம்!"

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கினாள்.

"மிதிக்காத!"

அத்தான் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலிக் கிடங்கு அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. தூக்கிய காலோடு அக்கா அப்படியே நின்றாள்.

பாப்பா அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா, போலாம். அப்பாவுக்கு வேலை இருக்கு."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோபமே இல்லை. நாலு வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு என்னிடம், "அப்பாவுக்கு வேலை இருக்கு மாமா, நாம உள்ள போலாம்" என்று சொன்னாளே, அதே குரல். சுவர் பெரிய சுவர்! என்னை நானே நாலு திட்டு திட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தேன்.

பச்சைச் சுவர்தானே, மூன்றே அடியில் விட்டுக்கொடுத்தது. நாலைந்து கல் அந்தப் பக்கம் விழுந்தது. அதில் ஒன்று அத்தானின் கண்ணாடித் தளத்தில் மூலை குத்தி, உள்ளங்கை அளவுக்குப் பெயர்த்து எடுத்துவிட்டது. புழுதிக்குள் தலையை நீட்டி, "அத்தான், வாங்க!" என்று கத்தினேன்.

மூலையில் மிஷின் மட்டும் இருந்தது.

அவர் பாதித் தளம் தாண்டியிருந்தார். நடுத்தளத்தில், அவர் முடித்த மழமழப்பில், பூட்ஸ் காலோடு, முன்னால் நடந்துகொண்டிருந்தார். இத்தனை வருடமாக என்னை நோக்கி வந்துகொண்டே இருந்த முதுகு அன்றைக்குத்தான் என்னை விட்டு விலகிப் போவதைப் பார்த்தேன். அதில் என் சுவரின் ஈரக் கலவை கட்டம் கட்டமாக அப்பியிருந்தது. தளத்தில் கல் விழுந்த சத்தம் எந்த வேலைக்காரனுக்கும் ஈரக்குலையைப் பிடித்து இழுக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டோம். புதுச் சட்டையை டாக்சியிலேயே மேலே மாட்டிவிட்டேன். ஆனாலும் கலவை ஊறி வெளியே வந்து, பதிவு அலுவலக நாற்காலியில் என் சுவரின் அச்சு விழுந்தது. கிளம்பும்போது அத்தான் அதிகாரியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியேறினார். "எவ்வளவு மரியாதையான மனுஷன்!" என்று அந்த அதிகாரி என் காதில் சொன்னார். அவருக்கு ஒரு பெண் இருந்தால் கொடுத்திருப்பார் போலிருந்தது.

மறுநாள் காலை இன்ஜினியர் மூன்றாவது வரைபடத்தோடு வந்தார். பின்கதவு வேண்டுமாம். நான் இடித்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சிட்டீங்களே" என்று முதுகில் தட்டினார். பிறகு டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து எண்பது அடியும் சோதித்தார். கல் குத்திய பள்ளம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. பள்ளத்தை நிரப்பும் வேலை எனக்கு.

இன்ஜினியர் போன பிறகு அத்தான் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குனிந்தேன். எனக்கு ஒரு இழவும் தெரியவில்லை.

"தடம் இருக்கா அத்தான்?"

"இருக்கு. முப்பத்தெட்டு."

"மனசு உறுத்துதுன்னா சொல்லுங்க. கல்லு வெச்சு லேசாத் தேய்ச்சா போயிரும்."

அவர் உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவினார்.

"வேணாம் மச்சான்" என்றார். "முப்பத்தெட்டும் பாப்பா பக்கம் பாத்து இருக்கு."

பிறகு எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, நான் இடித்த வழியாக வழக்கம்போலப் பின்பக்கமாகவே வெளியே போனார். போகிற போக்கில், அப்போதுதான் கலந்து வைத்திருந்த என் கலவைச் சட்டிக்குள் கணுக்கால் வரை கால் வைத்தார்.