கரண்டு வீணை

என் கிட்டார் பழசு இல்லை, பழசு மாதிரி. இந்த வித்தியாசத்தை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டுக்கே தனியாக ஒரு பென்ஷன் தரவேண்டும். கோயமுத்தூர் கடைக்காரர், "அந்தக் காலத்து மாடல் மேடம், ஆனா போன மாசம் செஞ்சது" என்று சொல்லித்தான் விற்றார். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. முகப்பில் இருந்த பிளாஸ்டிக் பட்டைக்கு, பீடிப் புகையில் பல வருஷம் தொங்கியது போல ஒரு மஞ்சளை ஃபாக்டரியிலேயே பூசி அனுப்பியிருந்தார்கள். நிஜமான பழைய கிட்டார் வாங்க எங்கள் பரம்பரையே சேர்ந்து உழைத்தாலும் முடியாது. இது ஏழைகளுக்கான பழசு.

மூட்டையைப் பிரித்ததும் அம்மா கேட்டாள். "ஏன் அம்மிணி, பழசத் தலைல கட்டீட்டானா?"

"பழசு இல்லம்மா. பழசு மாதிரி புதுசு."

"நம்ம ஊட்டுல நெசமாலுமே பழசா எத்தன சாமான் கெடக்குது! அதையெல்லாம் எவனாச்சும் புது வெலைக்கு வாங்குவானான்னு கேட்டுச் சொல்லு."

நான் அப்போது வெலிங்டனில் ஒரு ராணுவ அலுவலகத்தில் டைப்பிஸ்ட். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டுக்குக் கீழே, சரிவில் எங்கள் வீடு. வீட்டுக்கும் கீழே அப்பாவின் கொஞ்சம் தேயிலை. தேயிலை விலை படுத்துக்கொண்ட வருஷங்கள் அவை. இலையைப் பறித்து ஃபாக்டரிக்குக் கொண்டுபோனால் பறித்த கூலிக்கே கட்டவில்லை. பறிக்காமல் விட்ட செடிகள் கவாத்து, கத்தி எதையும் மதிக்காமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. அப்பா தினமும் காலையில் இறங்கிப் போய் அவற்றை நன்றாகத் திட்டிவிட்டு வருவார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் கிட்டார் வாங்கியதைப் பற்றி யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் நிறையச் சொன்னார்கள், அதுவும் எனக்குக் கேட்கும்படி.

இலை விலையோடு சேர்ந்து எனக்கு வரும் மாப்பிள்ளைகளின் தரமும் இறங்கியது. விலை நன்றாக இருந்தபோது வந்த ஜாதகங்களில் இஞ்சினியர்கள் இருந்தார்கள். விலை விழ விழ, "பையனுக்கு இப்போதைக்கு வேலை இல்லீங்க, ஆனா தங்கமான கொணம்" என்கிற ரகமாக வந்தது. நான் கல்யாணமே வேண்டாம் என்று கொடி பிடித்தவள் இல்லை. எனக்கு முப்பது ஆகவிருந்தது, ஆசையும் இருந்தது. கல்யாணமும் வேண்டும், கிட்டாரும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அம்மாவின் கட்சியில் முதலாவதற்கு மட்டுமே இடம்.

கிட்டார் எனக்குள் புகுந்தது கான்வென்ட்டில். பூசைப் பாட்டுக்கு கிட்டார் வாசிக்க ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தால் தையல் வகுப்புக்குப் போகவேண்டாம் என்றார்கள். இந்துப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காமல் முதல் ஆளாகக் கை தூக்கினேன். ஏசு என்னைத் தையலிலிருந்து ரட்சித்தார்.

அது சாதாரண மரக் கிட்டார். இது கரண்டில் பாடும் கிட்டார். முதல் நாள் வயரைச் சொருகி, சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். சத்தம் ஜன்னல் வழியாக இறங்கி, தேயிலையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வந்தது. ஆபீசில் நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைத் தட்டுகிறவள் நான். "எஸ் சார்" தவிர என் வாயிலிருந்து வார்த்தை கிளம்பி யாரும் பார்த்ததில்லை. இந்தச் சத்தம் என்னுடையதா என்று சந்தேகமாகி, இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன். என்னுடையதேதான். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை வேறு எப்படியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மலிவு மலிவுதானே. வாங்கிய வாரத்திலேயே வண்டவாளம் வெளியே வந்தது. தந்தியை முறுக்கும் கீ ஒவ்வொன்றும் மலைக் குளிரில் நழுவி, ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. கோயமுத்தூரிலிருந்து நல்ல கீ வரவழைத்து மாற்றினேன். அப்புறம் கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் வெள்ளைத் துண்டு. அது பிளாஸ்டிக். எலும்பில் செய்து போட்டால் நாதம் கூடும் என்று படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து நல்லி எலும்பு ஒன்றை எடுத்துக் கழுவி, வேகவைத்து, ஜன்னல் மேல் காயவைத்தேன். அது சாமி அறை ஜன்னல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் அமாவாசை வேறு.

"அட கருமமே!" என்று அம்மா போட்ட சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரே தேவைப்படவில்லை. "சாமிக்கு முன்னால எலும்பு! ஊடு வெளங்குமா? தேயில ஏன் வெல போவுலீன்னு இப்பத் தெரியுது." நாட்டின் தேயிலை ஏற்றுமதி விழுந்த பழி அன்று முழுவதும் என் தலையில் இருந்தது. எலும்பை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினேன். நாதம் கூடியதா என்று கேட்டால், கூடியது என்றுதான் சொல்வேன். அவ்வளவு திட்டு வாங்கியபின் கூடாமல் இருக்க அதற்கு என்ன தைரியம்?

பெரிய தலைவலி இரைச்சல். தந்திக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பியுமாக ஒரு பெட்டி இருக்கும், பிக்கப் என்பார்கள். தந்தியின் அதிர்வைப் பிடித்து அனுப்புவது அதுதான். என்னுடையது தந்தியோடு சேர்த்து டியூப் லைட், மிக்சி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாவற்றையும் பிடித்து அனுப்பியது. நான் வாசிக்காத நேரத்தில் 'ஙொய்ங்' என்று தானே பாடியது. நல்ல பிக்கப் வாங்கிப் போட்டேன். இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அப்பாதான் ஒரு நாள் ஃபாக்டரியிலிருந்து ஒரு சுருள் அலுமினியக் காகிதத்தோடு வந்தார். மரப்பெட்டியில் தேயிலை அடைத்த காலத்தில் உள்ளே ஒட்டுவதற்கு வைத்திருந்தது. சாக்குக்கு மாறியபின் சீந்துவாரில்லாமல் கிடந்தது. "தேயில வாசத்தையே வெளிய உடாம வெச்சிருக்கும் இது. உன்ற சனியனோட சத்தத்த உள்ளயே அமுக்காதா?" என்றார். தர்க்கம் முழுக்கத் தப்பு. ஆனால் வேலை நடந்துவிட்டது. கிட்டாரின் வயிற்றுக் குழியில் அந்தக் காகிதத்தை ஒட்டி, எர்த் கம்பியை அதோடு சேர்க்கவேண்டும். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கப் பார்த்தேன். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது என்பது மூன்று விரல் சுட்டபின் தெரிந்தது. கடைசியில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டுக் கம்பியை அதன் கழுத்தில் சுற்றி முறுக்கினேன். ஙொய்ங் முக்கால்வாசி செத்தது. அப்பா தன் கண்டுபிடிப்பை ஃபாக்டரியில் போய்ச் சொல்லிக்கொண்டார். இலைக்குக் கிடைக்காத மரியாதை அவருக்கு அன்று கிடைத்தது.

இந்தச் சமயத்தில்தான் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கோயமுத்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். பையன் காலேஜில் லெக்சரர். நகை, சீர் எதுவும் கேட்கவில்லை. இப்படியொரு இடம் இனி வராது என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது தட்டிப்போனால் கிட்டாரைத் தேயிலைக்குள் எறிந்துவிடுவதாக அம்மா சாமி மேல் சத்தியம் செய்தாள்.

அவர்கள் மலையேறி வரும் நாளன்று காலையில்தான் விஷயம் வெடித்தது. "பொண்ணு பாட்டுகீட்டுப் படிச்சிருக்குதா" என்று அவர்கள் கேட்டதற்கு, "வீணை வாசிக்கும்" என்று அம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"வீணையா! நம்ம ஊட்டுல வீணை எங்கம்மா இருக்குது?"

"தந்தி இருக்குது, மடில போட்டுட்டு நோண்டற, டொய்ங் டொய்ங்ங்குது. அது வீணை இல்லாம உலக்கையா? நீ சும்மா இரு."

மடியில் போட்டு நோண்டியது ஸ்க்ரூ திருப்புவதற்கு என்று இனி யாரிடம் சொல்வது?

மத்தியானம் வந்தார்கள். பையனின் அம்மா கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, கையில் கடித்த எலுமிச்சம்பழத்தோடு இறங்கினார். பாவம், அவரைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபின் அவரே கேட்டார். "வீணைய ஒருக்காக் கேக்கலாமுங்களா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளே போய்க் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். சேலை, பூ, தோளில் பட்டை.

"இதுங்க... ஆடிட்டே வாசிக்கறதில்லீங்களா?" என்றார் பையனின் அம்மா.

"இது கரண்டு வீணைங்க" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். "மலைல குளிரு பாருங்க, மர வீணைன்னா வெடிச்சுப்போயிருங்க." அந்த ஒரு நிமிஷம் அம்மாவுக்கு நான் கோயில் கட்டத் தயாராக இருந்தேன்.

வயரைச் சொருகினேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு முருகன் பாட்டை எடுத்தேன். தந்தியை ஓரமாக இழுத்து இழுத்து, கமகம் மாதிரி வளைத்தேன். கீ நழுவவில்லை. எலும்பு நன்றாகப் பாடியது. ஙொய்ங் வாயைத் திறக்கவில்லை. கூடம் நிறைய என் சத்தம். பையனின் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "முருகன் எதுல வந்தா என்னங்க" என்றார். பையன் காலால் தாளம் போட்டதை நான் பார்த்துவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சித்த பேசீட்டு வாங்க" என்று பெரியவர்கள் எங்களைப் பின்பக்கம் அனுப்பினார்கள். பதற்றத்தில் கிட்டாரைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. வயரை மட்டும் பிடுங்கிவிட்டுப் போனேன்.

அவர் காபி டம்ளரோடு குட்டைச் சுவரோரம் நின்றார். கிட்டாரைக் காட்டி, இதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். நான் எலும்பு, அமாவாசை, அலுமினியக் காகிதம் என்று கொட்டித் தீர்த்தேன். வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. என் மனசு அப்போதே கோயமுத்தூருக்கு மூட்டை கட்டிவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்பறமும் நீங்க வாசிக்கோணுங்க" என்றார். "நா வேண்டாங்கவே மாட்டேன்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"கரண்டு மட்டும் போடாம வாசிச்சுக்குங்க. அக்கம்பக்கமெல்லாம் சுவத்தோட சுவரு பாருங்க."

"கொறைச்சு வெச்சுக்கறேனுங்க" என்றேன். "மத்தியானத்துல தொடவே மாட்டேன்."

"கொறைச்சாலும் யாராச்சும் கேப்பாங்களே, என்ன சத்தம்னு. அம்மா சங்கடப்படுவாங்க. கரண்டு இல்லாட்டி யாருக்கும் தெரியாதில்லீங்களா."

குரலில் அதிகாரம் துளியும் இல்லை. எனக்காக ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. உள்ளே அம்மா எதற்கோ சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. என்னவோ உறுத்தி, அதே முருகன் பாட்டை அங்கேயே, வயர் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். விரலுக்குக் கீழே பாட்டு இருந்தது. விரலைத் தாண்டி எதுவும் இல்லை. கொசு பாடியது போல ஏதோ.

"கேக்குதுங்களா?"

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். "லேசாக் கேக்குதுங்க."

"இவ்வளவு போதுமுங்களா?"

"எனக்குப் போதுமுங்க" என்றார், அத்தனை அன்பாக.

"எனக்குப் பத்தாதுங்க."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் டம்ளரைச் சுவர் மேல் வைத்தார். "உங்க மேல பேச்சு வராம, நாந்தான் வேண்டாம்னேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் அன்றைக்கு அழுதிருக்க மாட்டேன்.