வாழைமடல் படகுக்கு வெட்டிய அச்சுகள்

கிட்ட வந்து உட்காருங்க சாமி, தள்ளி இருந்தால் ஆத்துச் சத்தத்தில் பாதி கேட்காது. ஏர் செய்கிறவன் அது உழுகிறதைப் பார்ப்பான், கட்டில் செய்கிறவன் அதில் ஆள் படுக்கிறதைப் பார்ப்பான். படகுக்கு அச்சு வெட்டுகிறவன் கையில் மட்டும் படகு நிற்காது, அதன் வளைவுதான் நிற்கும். உளி பட்டு விரல் போனவர்களும், அக்கரையில் பெண்ணைக் கொடுத்துவிட்டு மழை பிடித்தால் சோறு இறங்காதவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

துரையின் கொட்டகை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது, எல்லாம் தலைச்சுமைதான். காப்பித் தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கொட்டகையில் ஒரு ஒல்லிப் படகு கிடந்தது. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரலாம். மேலே மூடி, நடுவில் நுழைய ஒரு ஓட்டை. கயாக் என்றார். எனக்கு வாழைப்பூ மடல் மாதிரி தெரிந்தது. சண்டையில் செத்துப்போன அவர் தம்பி ஓட்டினதாம். கரையான் ஏறிவிட்டது, உதிர்வதற்குள் அதன் வடிவத்தை எடுத்து வைக்க வேண்டும். மரவள்ளிக் கிழங்கை வில்லை வில்லையாக அறுக்கிற மாதிரி படகை மனசுக்குள் குறுக்கே அறுத்து, வில்லைக்கு ஒரு பலகை வெட்ட வேண்டும். அதுதான் அச்சு. அச்சு இருந்தால் யாரும் தன் வீட்டு வாசலிலேயே படகு கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் படகு ரொம்ப நாளாய் ஒருக்களித்தே கிடந்ததில் ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது. இடது வலது ஒட்டவே இல்லை. கூழ் கொண்டுவந்த என் பெண்சாதி பாவாயி சும்மா பார்த்துக்கொண்டு நின்றவள், ஒரு பூவரச இலையைப் பறித்து மடித்து, நகத்தால் வளைவாகக் கிள்ளி விரித்துக் காட்டினாள். "நல்லாருக்கற பக்கத்த மட்டும் எடுங்க. திருப்பிப் போட்டா அதுதானுங்க இன்னொரு பக்கம்." அப்படியே பாதிப் பாதி அச்சாக வெட்டி அடுக்கினேன். துரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். படகு பக்கம் திரும்பவே இல்லை.

"படகு போகட்டும் மேஸ்திரி, வளைவு இருந்தாப் போதும்."

சுற்றிச் சுற்றி வந்தது

சேதி அடிவாரத்துக்கு இறங்கியது. காரவள்ளிப் பண்ணைக்காரர் ஒருத்தர், ஏரியில் விட ஆசைப்பட்டு, ஒரு அடுக்கு அச்சு வாங்கி ஆள் வைத்துத் தூக்கிப் போனார். அடுத்த மாசமே மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அவர் ஆசாரி அச்சைத் திருப்பிப் போடவே இல்லை. ஒரு பக்கம் வயிறு தள்ளி, ஒரு பக்கம் சுவர் மாதிரி தட்டையாக ஒரு படகைக் கட்டிவிட்டார். ஏரியில் இறக்கினால் செக்குமாடு போல சுற்றுகிறதாம்; ஊரே கரையில் நின்று சிரித்ததாம். "பாதியக் குடுத்தா பாதிதானுங்க செய்வாங்க? மீதிய ஊட்டுல பதுக்கி வச்சிருக்கீங்களாக்கும்!" என்று சத்தம் போட்டார்.

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவாயி சிரிக்கவில்லை. மோர் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, அதுல ஒரு ஆளு படுத்துக்கிட்டு வரலாமுங்களா?" என்று அவரிடம் கேட்டாள். எங்கள் மகள் பொன்னியைக் குண்டனி நாட்டு மலையூரில், ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிள்ளை வயிற்றில். பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டியவள். மழை இறங்கினால் ஆறு யாரையும் விடாது. அதெல்லாம் பண்ணைக்காரருக்கு எப்படித் தெரியும்?

"படகுல எதுக்கு அம்மிணி படுக்கோணும்? காத்து வாங்கத்தான் படகு."

எங்கள் படகு

பாவாயியின் நச்சரிப்பு தாங்காமல் எங்களுக்கென்று ஒன்று கட்டினோம். அச்சுக்கு அச்சு இடைவெளியை இரண்டு விரல்கடை கூட்டச் சொன்னாள். மேல்மூடி வேண்டாம் என்றாள்: "அவ மல்லாந்து வரணும், வானம் தெரியட்டும்." மூங்கில் பத்தையில் கூடு, துரை கொடுத்த பழைய கித்தான் துணி, தண்ணீர் புகாமல் அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். சுவரில் வரிசையாகத் தொங்கிய அச்சுகளைப் பார்த்துவிட்டு, இத்தனை முறம் யாருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். ஆத்து மடுவில் மிதக்கவிட்ட அன்று அக்கரையில் பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கை தட்டினாள். அவள் புருஷன் சடையன் குதித்தான். நாள் பார்த்தோம். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் நல்ல நாள் என்றார்கள். படகை இக்கரை நாவல் மரத்தில் கட்டிவிட்டு, மேட்டுக்கு அப்பால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தோம்.

மழை அமாவாசைக்கு முன்னாலேயே பிடித்தது. வலியும் முன்னாலேயே வந்துவிட்டது. மருத்துவச்சி இக்கரையில், அங்கே பேறு பார்க்க யாருக்கும் கைவராது. சடையன் அவளைக் கம்பில் கட்டிய தொட்டிலில் போட்டு ஆத்தங்கரைக்குத் தூக்கி வந்திருக்கிறான். கத்தியிருக்கிறார்கள், பறை தட்டியிருக்கிறார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் மேட்டைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. நீந்தத் தெரிந்தவர் அங்கே இல்லை. மழை விட்டதும் படகில் தேங்கியதை இறைக்கலாம் என்று நான் போனபோது அக்கரையில் கூட்டம் தெரிந்தது. துடுப்புப் போட்டு அந்தப் பக்கம் சேர்ந்தேன். பிள்ளை உயிரோடு ஒரு கிழவி மடியில் இருந்தது. பொன்னியின் முகத்தை மூடியிருந்தார்கள். சடையன் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தபடி எதிர்க்கரையைக் காட்டினான்.

"படகு இங்கருந்தே தெரிஞ்சுதுங்க மாமா. கூப்பிட்டா வரலீங்க."

கற்றாழைக் கயிறு

காரியம் முடிந்தது. வீட்டில் அழுகை ஓயவில்லை, பாவாயி மட்டும் அழவில்லை. வேலியோரத்துக் கற்றாழையை வெட்டி ஊறப்போட்டாள், அடித்து நார் எடுத்தாள். தோளில் பேத்தி, தொடையில் நார், திரித்துக்கொண்டே இருந்தாள். அச்சுப் பலகைகளை அடுப்பில் வைக்க எடுத்த என் கையையும் தட்டிவிட்டாள்: "அது என்னங்க பண்ணுச்சு? அது சரியாத்தான இருந்துச்சு." எனக்குப் படகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுக்கு அந்தப் படகிடம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

இரண்டு கயிறு முடிந்ததும் ஆத்துக்குக் கூட்டிப்போனாள். ஒன்றைப் படகின் தலையில் கட்டச் சொன்னாள், ஒன்றை வாலில். வால் கயிற்றின் மறுமுனையை நாவல் மரத்தில் முடிந்தாள். தலைக் கயிற்றோடு என்னைப் படகிலேயே அக்கரைக்கு அனுப்பி அங்கேயுள்ள மரத்தில் முடியச் சொன்னாள். பிறகு படகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னோடு அக்கரையில் நின்ற சடையனைப் பார்த்துக் கையசைத்தாள். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். துடுப்பில்லாமல், ஆளில்லாமல் படகு அசைந்து அசைந்து அவனிடம் வந்து கரையில் முட்டியது. அவன் குனிந்து அதன் மேல் கை வைத்தான்.

"இப்ப வருதுங்க அத்தை."

ஊருக்கெல்லாம் வளைவு வெட்டிக் கொடுத்த மேஸ்திரி நான்தான் சாமி. ஆனால் படகுக்குக் காது வைத்தவள் பாவாயி, அவள் கண் மூடுவதற்கு முந்தின வாரம்கூட அந்தக் கயிற்றைத்தான் மாற்றித் திரித்துக் கட்டிவிட்டு வந்து படுத்தாள்.