எட்டுப் பகுதிகள் பார்த்தபின் சொன்ன சொல்

ஒரே ஒரு பகுதியைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும்படிதான் என் மகன் கேட்டான். என் பேத்தி பதினொன்றாம் வகுப்பு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் கம்பத்துக்குப் போய், ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி வயதுப் பிள்ளைகளின் காதலைச் சொல்லும் புதிய தொடர் ஒன்றை அவள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டுவிட்டான். அவளைப் பெரியகுளத்தில் ஏதாவதொரு பெண்கள் பள்ளியில், விடுதியோடு சேர்த்துவிடுவது என்று அப்போதே நினைத்துவிட்டான்.

“நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா. நம்ம பிள்ளை பாக்கக்கூடாததுன்னு சொன்னீகன்னா, திங்கக்கிழமையே டி.சி. வாங்கிருவேன்.”

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை வழிபாடு முடித்து, நெற்றியில் நீறு உலருமுன் அமர்ந்தேன். முதற்பகுதி எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றார்கள்; ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மொட்டை மாடியில் அமர்ந்து, கூடைப்பந்து ஆடும் பையன் ஒருவனின் செய்திக்காகக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்ற சொல் என் நாவில் வந்து நின்றது.

ஆனால் கோயிலில் தேவாரம் பாடும் எனக்கு அறுபது ஆண்டு வழக்கம் ஒன்று உண்டு. தொடங்கிய பதிகத்தைக் கடைசிப் பாட்டுக்கு முன் நிறுத்துவதில்லை. பாடியவர் யார், பாடினால் என்ன பயன் என்பதெல்லாம் அந்தக் கடைசிப் பாட்டில்தான் இருக்கும். அடுத்த பகுதியையும் போடச் சொன்னேன்.

“ஒண்ணு பாத்தாப் போதும்னுதானப்பா சொன்னேன்” என்றான் மகன்.

“மாமா இனி எந்திரிக்க மாட்டாக. சிவராத்திரிக்கு உக்காந்த மாதிரில உக்காந்திருக்காக” என்றாள் மருமகள்.

பேத்தி சமையலறை வாசலிலேயே நின்றாள். திரையை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

வியாழனன்று நான்காம் பகுதி. அந்தப் பெண்ணின் தாய் தன் தங்கையிடம் புலம்பினாள்: மகள் உண்பதில்லை, உறங்குவதில்லை, மெலிந்துவிட்டாள், அவன் பெயரைத் தவிர வேறு பேச்சில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தாயின் குரலில் எத்தனை பாடல்களை நான் சந்நிதியில் பாடியிருக்கிறேன்! வளை கழன்ற பெண்ணாகவே நின்றும் பாடியிருக்கிறேன். அங்கே காத்திருப்பது இறைவனுக்காக. இங்கே ஒரு பையனுக்காக. அந்த வேறுபாட்டைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். எனினும் அந்தத் தவிப்பு எனக்குப் புதியதன்று. அதைப் பாடியதற்காக என்னை ஒருவரும் ஊரைவிட்டு அனுப்பவில்லை.

ஞாயிறு மாலை எட்டாம் பகுதி. மகன் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடித்து, கத்தரியைக்கூட வைக்காமல் வந்து நின்றான். திரையில் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்தப் பெண் எழுந்தாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓடத் தொடங்கின.

“முடிவு எங்கே?” என்றேன்.

“அடுத்த சீசன்ல வரும் தாத்தா. எப்படியும் ஒரு வருசம் ஒன்றரை வருசம் ஆகும்” என்றாள் பேத்தி. வெகு மெதுவாகச் சொன்னாள்.

“சொல்லுங்கப்பா. டி.சி. வாங்கவா, வேணாமா?”

“நாடகம் சுமார்தான். ஆனா கடைசிப் பாட்டு இன்னும் வரலையே. முடியாததுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்ல? அதுவரைக்கும் பிள்ளை அங்கனயே படிக்கட்டும்.”

“அதுக்குள்ள அவ பிளஸ் டூவே முடிச்சிருவாளேப்பா!”

“முடிக்கட்டும்.”

அவன் என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். “மொத நாளு மூஞ்சியச் சுளிச்சீக. அன்னைக்கே டிவிய அமத்தியிருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கத்தரியைக் கழுவப் போனான்.

திங்கட்கிழமை காலை பேத்தி வழக்கமான பஸ்ஸில் கம்பத்துக்குப் போனாள்.